க்ஷேமம்: போர்முனைக் கடிதங்கள் பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் கடித இலக்கியம் என்று கல்லூரிகளில் சொல்லித்தரப்படுவதில் பெரும்பகுதி கடிதமே அல்ல. மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' (1921) கடிதங்களின் உருவில் எழுதப்பட்ட நாவல். மு. வரதராசன் தம்பிக்கும் தங்கைக்கும் அன்னைக்கும் நண்பர்க்கும் எழுதியவை உறையில் போட்ட கட்டுரைகள். அண்ணாதுரை தம்பிக்கு எழுதியவை கூட்டத்தைப் பார்த்துப் பேசியவை. இவற்றின் மேல்விலாசத்தில் ஒரு தெருவோ ஒரு வீடோ கிடையாது. தபால்காரன் வரும் நேரம் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியும் கிடையாது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதியவை, பின்னால் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாக வந்தவை, உண்மையான கடிதங்கள். ஆனால் அவற்றையும் நாம் புதுமைப்பித்தனுக்காகத்தான் படிக்கிறோம். அவர் கதைகள் எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதங்களை யார் தேடியிருப்பார்கள்?

கேள்வி இதுதான்: எழுத்தாளனல்லாத ஒருவன், உயிர் நிச்சயமில்லாத ஓரிடத்திலிருந்து தன் மனைவிக்கும் தாய்தகப்பனுக்கும் எழுதும் கடிதத்தை எப்படி வாசிப்பது? சரித்திரக்காரன் அதைத் தகவலாக வாசிக்கிறான். வீட்டார் ஞாபகமாக வைத்திருக்கிறார்கள். விமர்சகன் அதைத் தொடுவதில்லை. தொட்டாலும், இதில் அனுபவம் எங்கே இருக்கிறது, எல்லாம் சம்பிரதாயம் என்று கீழே வைத்துவிடுகிறான். அனுபவத்தின் நேர்மை, தனிமனிதக் குரல் என்ற அளவுகோல்களை நாம் சிரமப்பட்டுச் சம்பாதித்தோம். போலி எழுத்தைத் தள்ளிவைக்க அவை உதவின. ஆனால் போர்வீரனின் கடிதத்தின் முன் அவை ஊமையாகிவிடுகின்றன. அக்கடிதத்தில் தனிக்குரல் சம்பிரதாயத்துக்கு வெளியில் இல்லை. சம்பிரதாயம் எங்கே நெளிகிறது, எங்கே வேண்டாத அளவுக்கு நீள்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.

இந்தக் கேள்வி காரைக்காலைப் பொறுத்தவரை வெறும் கோட்பாட்டு விவகாரமல்ல. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் அது. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் சோழநாட்டு வயல். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் இந்த ஊர்க்காரனுக்குப் பட்டாளம் என்றால் பிரெஞ்சுப் பட்டாளம். வழக்கில் சொன்னால் 'சொல்தா'. 1881 செப்டம்பரில் வந்த ஆணை, தன் சமூகத்தின் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க வழி செய்தது. துறந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். பட்டாளத்துப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டார் கூப்பிட வேறொரு பெயரும் ஒரே மனிதனுக்கு அமைந்தன. முதல் உலகப்போரில் பிரெஞ்சிந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் பிரெஞ்சுச் சேனையில் இருந்தார்கள்; இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கிறது. 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன் த கோல் பக்கம் சேர்ந்தபின் அடுத்த போருக்கும் ஆள் போயிற்று. அதன்பின் இந்தோசீனப் போர் 1954 வரை, அல்ஜீரியப் போர் 1962 வரை. ஓய்வுபெற்றுத் திரும்பியவர்கள் பிரெஞ்சு பென்ஷனில் வாழ்ந்தார்கள். மேற்படிப் போர்கள் எதுவும் அவன் ஊருக்காக நடந்த போரல்ல என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டால் போதும். ஏன் போனான், யாருக்காகச் சுட்டான் என்ற கேள்விகளுக்கு அவன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இடமில்லை. க்ஷேமம் என்பதற்குத்தான் இடம்.

இவ்வகைக் கடிதங்கள் பெருந்தொகையாகக் கிடைக்குமிடம் ஒன்று உண்டு. அதையும் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். 1914 இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியச் சேனை பிரான்சில் இறங்கியது. சிறிது காலத்திலேயே அவர்களுடைய தபாலைப் படிக்க எவலின் ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ் ஒரு தணிக்கை அலுவலகம் அமைந்தது. 1915 தொடக்கத்தில் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை இந்தியச் சிப்பாய்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அலுவலகம் அவற்றில் சிலவற்றைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து வாரந்தோறும் அறிக்கையில் சேர்த்தது. லண்டனில் பாதுகாக்கப்பட்ட அந்த அறிக்கைகளிலிருந்து டேவிட் ஒமிஸ்ஸி அறுநூறுக்கு மேற்பட்ட கடிதங்களைத் தொகுத்து 1999இல் வெளியிட்டார். பஞ்சாபியும் உருதுவும் இந்தியும் பேசியவர்களே அதில் மிகுதி. இன்று இந்தியச் சிப்பாயின் குரல் என்று உலகம் படிப்பது பெரும்பாலும் இந்தத் தொகையைத்தான்.

அது யாருடைய குரல்? சிப்பாய் சொல்கிறான், எழுதத் தெரிந்த ஒருவன் எழுதுகிறான். தணிக்கை அலுவலகத்தில் ஒருவர் தேர்கிறார், வெட்டுகிறார், ஆங்கிலமாக்குகிறார். மூலம் தபாலில் போய் ஏதோ ஒரு கிராமத்தில் படிக்கப்பட்டுச் செல்லரித்துவிடுகிறது. தங்கியது மொழிபெயர்ப்பு. அதாவது மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது அழிந்தது. மனைவிக்கல்லாமல் மேலதிகாரிக்குப் போனது பிழைத்தது. பரிவு, பயம், வேடிக்கை என்று நாம் அதில் ரசிப்பதெல்லாம் ஒற்றறியும் கண் 'இது கவனிக்கத்தக்கது' என்று குறித்துவைத்தவை. அரசாங்கத்துக்கு எதிலும் சம்பந்தப்படாத கடிதம், மாடு கன்று போட்டதா என்று மட்டும் கேட்ட கடிதம், அறிக்கையில் ஏறுவதற்கு அவ்வளவு காரணம் இல்லை.

இந்த நிலை நமக்குப் புதிதல்ல. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, தமிழில் ஒரு தனிமனிதன் அச்சை நினைக்காமல் எழுதிய உரைநடையின் மிகப்பெரிய சாட்சியம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 பாகங்களாக 1904 முதல் 1928க்குள் சென்னை அரசாங்கத்தால் வெளியிடப்பட்டு முடிந்துவிட்டது. தமிழ் மூலம் அச்சில் வரத் தொடங்கியது 1948இல்தான். துரைத்தனத்துக்குப் பிரயோஜனப்படும் வரையில்தான் நம்முடைய அந்தரங்க எழுத்துக்கு முதலில் மதிப்பு கிடைத்திருக்கிறது. இலக்கியமாக வாசிக்கும் பொறுப்பு நம்முடையது. அதில் நாம் எப்போதும் பிந்தியே வருகிறோம்.

இனிக் கடிதத்தின் உருவத்துக்கு வருவோம். பழைய தமிழ்க் கடிதத்துக்கு ஒரு சட்டகம் உண்டு. மேலே பிள்ளையார் சுழியோ சிலுவையோ பிறைக்குறியோ. பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். பிறகு 'இப்பவும்' என்று தொடங்கி விஷயம். முடிவில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விசாரணை. இது மொழிச் சோம்பலென்று நாம் எண்ணப் பழகியிருக்கிறோம். ஆனால் இந்தச் சட்டகம் எதற்காக ஏற்பட்டது என்று யோசிக்க வேண்டும். கடிதம் கையில் கிடைத்தவன் தனியே படிப்பதில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க வீடே கூடிக் கேட்கிறது. அடுத்த வீட்டுக்காரியும் கேட்கிறாள். அது மேடையில்லாத ஒரு நிகழ்த்துகலை. இளவயதுக் கணவன் மனைவி பெயருக்கு நேராக எழுதுவதே கூச்சமான காரியம். தகப்பனாருக்கு எழுதி, வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று முடிப்பான். 'வீட்டில்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அவள் இருக்கிறாள். அவளுக்கு அது தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் மாமியாருக்கும் தெரியும்.

போர்முனையில் இதே சட்டகம் வேறொரு வேலையை ஏற்கிறது. இங்கே எழுதுபவனுக்கும் பெறுபவளுக்கும் நடுவில் எழுதித்தருபவன், தணிக்கைக்காரன், படித்துக்காட்டுபவன் என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரிந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கும் தெரியாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரான்சிலிருந்த சிப்பாய்கள் இந்தியரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாய் என்றும் வைத்து, கருமிளகு செலவாகித் தீர்ந்துவருகிறது என்ற பொருளில் எழுதியதுண்டு. நம் இலக்கணம் இதற்கு உள்ளுறை என்று பெயர் வைத்திருக்கிறது. வெளியே மரமும் மீனும் வண்டும்; உள்ளே சொல்ல முடியாத செய்தி. தோழிக்குத்தான் அது புரிய வேண்டும், மற்றவருக்குப் புரியக் கூடாது. அந்தச் சிப்பாய் தொல்காப்பியம் படித்தவனல்ல. ஆனால் உள்ளுறை என்பது புலவர்கள் கற்பனை செய்த அலங்காரமல்ல, கண்காணிப்பின் கீழ் பேச நேர்ந்தவர்கள் எங்கும் கண்டுபிடித்துக்கொள்ளும் பேச்சுமுறை என்று இங்கே விளங்குகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மிளகுக் கடிதங்களைத் தணிக்கைக்காரர்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள். அதனால்தான் அவை அறிக்கையில் ஏறி நமக்குக் கிடைத்தன. நம் கையிலிருப்பவை தோற்ற உள்ளுறைகள். ஜெயித்தவை சாதாரணக் கடிதங்களாகத் தோற்றம் காட்டிக்கொண்டு போய்விட்டன. ஆகவே சம்பிரதாயமான கடிதம் என்று எதையும் தள்ள நமக்கு உரிமையில்லை.

பிரிட்டிஷ் ராணுவம் இதை அதன் எல்லை வரை கொண்டுபோயிற்று. போர்முனையிலிருந்து அனுப்ப ஒரு அச்சடித்த தபால் கார்டு கொடுத்தார்கள். நான் நலம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது என்பன போன்ற வாக்கியங்கள் அதில் வரிசையாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வேறொரு சொல் சேர்த்தால் கார்டு அழிக்கப்படும். பால் ஃபஸ்ஸல் 1975இல் வெளியான தம் நூலில் இந்தக் கார்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எழுதுவதென்றால் அடிப்பது என்றாகிவிட்ட இடம் அது. 'இறந்துகொண்டிருக்கிறேன்' என்பதற்கு அதில் வரி கிடையாது.

படிப்பறியாதவன்தான் க்ஷேமம் என்பதற்குள் ஒளிகிறான் என்று நினைப்பதும் தவறு. போரைப் பற்றிய பொய்யைக் கவிதையில் கிழித்துக்காட்டியவர் வில்ஃப்ரெட் ஓவன். 1917 ஜனவரியில் போர்முனையிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதங்களில் அங்கே கண்ட கோரத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் 1918 அக்டோபர் 31இல் ஒரு நிலவறையிலிருந்து தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், இங்கே ஆபத்து ஒன்றுமில்லை என்ற தொனியில் எழுதினார். நவம்பர் 4இல் இறந்தார். மரணச் செய்தி கொண்ட தந்தி நவம்பர் 11இல், போர் நின்ற அன்று, வீட்டுக்குப் போனது. அவர் எழுதியதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டோம். கவிதை வாசகனுக்கு எழுதப்பட்டது. கடிதம் தாய்க்கு எழுதப்பட்டது. இரண்டின் உண்மையும் வேறு. ஓவனுக்கு நாம் தரும் இந்தச் சலுகையைப் பெயர் தெரியாத சொல்தாவுக்கும் தர வேண்டும் என்பதுதான் இங்கே வாதம்.

நம் மரபில் பாசறையிலிருப்பவனுக்கும் வீட்டிலிருப்பவளுக்கும் இடமுண்டு. 'முல்லைப்பாட்டு' 103 அடிகளில் அதைத்தான் செய்கிறது. அங்கே கடிதமில்லை. பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே போய் விரிச்சி கேட்கிறார்கள். இடைப்பெண் ஒருத்தி, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்குச் சொல்லும் ஆறுதலைத் தலைவிக்கு வந்த செய்தியாகக் கொள்கிறார்கள். அரசன் பாசறையில் உறங்காமல், புண்பட்ட யானைகளையும் செத்துப்போன வீரர்களையும் நினைத்துக் கிடக்கிறான். அவன் நினைவு அவளைச் சேர்வதில்லை; அவளுடைய கண்ணீர் அவனைச் சேர்வதில்லை; இரண்டையும் கவி மட்டும் ஒரே பாட்டில் வைக்கிறான். அற்புதமான கட்டுமானம். ஆனால் அதே பாசறையில், அரசன் படுத்திருக்கும் அறைக்கு யவனர் காவல் நிற்கிறார்கள். மொழி தெரியாததால் உடம்பாலும் கையாலும் பேசும் மிலேச்சர் நிற்கிறார்கள். கடல்கடந்து கூலிக்கு வந்த அவர்களுக்கு ஊர் எது, அவ்வூரில் காத்திருப்பவள் யார் என்ற நினைப்பே பாட்டுக்கு இல்லை. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே வைத்த இலக்கணம்தான் நம்முடையது.

1915இல் பிரான்சில் ஒரு பதுங்குகுழியின் வாயிலில் நின்ற காரைக்கால்காரன் இந்த மிலேச்சனின் இடத்தில் நிற்கிறான். மொழி போதாதபோது கைச்சைகையால் பேசுகிறான். போர் அவனுடையதல்ல, பாட்டும் அவனுடையதல்ல. அவன் வீட்டுக்கு எழுதும் கடிதம், முல்லைத் திணை அவனுக்குத் தராத இடத்தை அவனே எடுத்துக்கொள்ளும் செயல். தலைவன் என்று யாரும் அழைக்காதவன் தன்னைப் பிரிவுக்குரியவனாக்கிக்கொள்கிறான். இதற்காகத்தான் அந்தக் கடிதம் இலக்கிய விமர்சனத்தின் கவனத்துக்கு வர வேண்டும். அழகாக எழுதினானா என்பது அடுத்த கேள்வி.

அவள் பக்கம்? காரைக்காலுக்கு ஒரு புராதனக் கதை உண்டு. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊர் அதை ஆண்டுதோறும் திரும்ப நடத்துகிறது. சேக்கிழார் சொல்லும் அக்கதையில் பரமதத்தன் கப்பலேறிப் போகிறான். பொருள் சேர்த்துத் திரும்பியவன் காரைக்காலுக்கு வராமல் பாண்டிநாட்டுப் பட்டினத்தில் வேறு மணம் செய்து குடியேறுகிறான். சுற்றத்தார் செவிவழியாகத்தான் அறிகிறார்கள். அவன் ஓலை எழுதியதாகக் கதையில் இல்லை. புனிதவதியைப் பக்தையாக்க வேண்டியிருந்ததால் காத்திருந்த அந்த வருஷங்களைப் புராணம் விரைந்து கடந்துவிடுகிறது. சொல்தாவின் மனைவிக்குப் பேயுருவும் கிடையாது, பதிகமும் கிடையாது. பதில் எழுத வேண்டுமென்றால் அவளும் ஒருவரிடம் சொல்லித்தான் எழுத வேண்டும். யாரிடம் சொல்வது? மாமனாரிடமா, வாத்தியாரிடமா? அவள் கேட்க நினைத்ததை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஆகவே அவளும் க்ஷேமம் என்று எழுதச் சொல்கிறாள். இரண்டு க்ஷேமங்கள் நடுக்கடலில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. இரண்டும் வாழ்க்கையை முழுக்கச் சொல்லவில்லை. இரண்டும் அன்பைச் சொல்லாமலுமில்லை.

இதில் இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் மங்கலச் செய்தி வரும் காகிதத்தின் மூலையில் மஞ்சள் தடவுவார்கள், அதை எடுத்துவைப்பார்கள். சாவுச் செய்தி கொண்ட கடிதத்தை வீட்டுக்குள் வைப்பதில்லை. படித்ததும் கிழித்துப் போடுவார்கள். ஆகவே எந்தத் தமிழ் வீட்டின் தகரப்பெட்டியும் இயல்பிலேயே க்ஷேமங்களின் பெட்டி. அரசாங்கத்தின் பெட்டி நேர்மாறு. 'பிரான்சுக்காக உயிர்நீத்தவர்' என்ற குறிப்பை 1915 ஜூலையில் ஒரு சட்டம் உண்டாக்கியது. முதல் போரில் அவ்வாறு இறந்தவர்களின் பதிவுகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 2003 முதல் இணையத்தில் வைத்திருக்கிறது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த நாள், படைப்பிரிவு, இறந்த இடம், காரணம். அங்கே வாழ்ந்ததற்கான குறிப்பு எதுவுமில்லை. இங்கே செத்ததற்கான குறிப்பு எதுவுமில்லை. ஒரு மனிதனைப் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்ட இந்த இரண்டு பெட்டிகளையும் சேர்த்து வாசிப்பவனே நல்ல வாசகன்.

ஆகவே நம்மிடையே இப்படிப்பட்ட கடிதங்களைப் பதிப்பிக்க முன்வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. திருத்தாதீர்கள். க்ஷேமம் என்றிருந்தால் நலம் என்று மாற்ற வேண்டாம். றகரம் ரகரமானதைச் சரிசெய்ய வேண்டாம். பிரெஞ்சுச் சொல் தமிழெழுத்தில் காதால் கேட்டபடி கிடந்தால் அப்படியே கிடக்கட்டும். ஆடு, மாடு, கடன், குழந்தைக்கு அம்மை என்று திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி, 'போரைப் பற்றிய பகுதிகள்' மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அதைத் தணிக்கைக்காரர்கள் ஏற்கனவே செய்துவிட்டார்கள். கடிதத்தை எழுதிக்கொடுத்த கை வேறு என்றால் அதையும் குறிக்க வேண்டும். ஒரே மனிதனின் 20 கடிதங்களைத் தேதி வரிசையில் வைத்துப் படித்தால், 12ஆம் கடிதத்தில் வழக்கமான விசாரணைப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் விடுபட்டிருக்கலாம். 13இல் க்ஷேமம் என்ற சொல் இருமுறை வந்திருக்கலாம். நாவலாசிரியன் ஒரு அத்தியாயம் எழுதிச் சொல்வதை அந்த விடுபடல் சொல்லிவிடும். அதைக் கேட்கும் காது நமக்கு வேண்டும்.

பயிற்சியில்லாதவன் எழுத்திலும் உருவம் உண்டு. பலர் சேர்ந்து பல தலைமுறையாகச் செய்து, உயிர்போகும் நேரத்திலும் உடையாமல் தாங்கும்படி விட்டுச்சென்ற உருவம் அது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதிய கணத்தில் அது உண்மையாக இருந்தது. கடிதம் காரைக்கால் வந்து சேர்வதற்குள் உண்மையாக இல்லாமல் போயிருக்கக்கூடும். எழுதியவனுக்கும் அது தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். தெரிந்தே எழுதினார்கள், தெரிந்தே கேட்டார்கள்.